கணக்கில் வராத ஆசிரியர்கள்

மாலத்தீவில் வேலை பார்க்கும் இந்தியர்கள் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பக்கூடிய தொகையின் உச்சவரம்பை அங்குள்ள பாரத ஸ்டேட் வங்கி 400 டாலரிலிருந்து 150 டாலராகக் குறைத்துவிட்டது. 2025 அக்டோபர் 25 முதல் இதுதான் நடைமுறை. 150 டாலர் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய 13,000 ரூபாய். தீவுப் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கும் தென்மாவட்ட ஆசிரியர்களுக்கு யாரும் வேலைநீக்கக் கடிதம் கொடுக்கவில்லை. இந்த ஒரு சுற்றறிக்கைக்குப் பிறகு அப்படியொரு கடிதத்துக்கு அவசியமும் இல்லை.

தூத்துக்குடிக்கும் மாலத்தீவுக்கும் உள்ள உறவு பழையது. இங்கிருந்து தோணியில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் போகும். அங்கிருந்து மாசிக் கருவாடு வரும். பின்னர் பி.எட். சான்றிதழோடு ஆட்களும் போனார்கள். கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் அதற்கான காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மானாவாரிக் கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டு, மழை பிந்தினால் மறுவிதைப்பும் போட்டுக் கடனாளியான குடும்பம், நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறது. படித்து முடித்தவருக்கு உள்ளூர்த் தனியார் பள்ளி தரும் சம்பளம் அந்த நகைக்கு வட்டி கட்டவே பற்றாது. ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்தாவது தீவுக்குப் போகிறார்.

இந்த வரம்பைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாலத்தீவு அரசு தன் பள்ளிகளில் தன் மக்களையே ஆசிரியர்களாக அமர்த்த விரும்புவதில் தவறே இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஆங்கிலவழிக் கல்வி வந்தபோது பாடம் நடத்த இலங்கையிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். 1984-இல் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். 2011-இல் தேசியப் பல்கலைக்கழகம் வந்தது. இத்தனை ஆண்டு உழைத்து உருவாக்கிய உள்ளூர் ஆசிரியரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நம்மவரை வைத்துக்கொள் என்று கேட்க நமக்கு என்ன உரிமை? நம் ஊர்ப் பள்ளியில் வெளிநாட்டுக்காரரை அமர்த்தினால் நாம் சும்மா இருப்போமா?

வெளிநாட்டு ஆசிரியரின் வேலை எங்கேயுமே இரவல் வேலைதான். தென்கொரியா 1995-இல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை அரசுப் பள்ளிகளுக்கு அழைத்து வந்தது. 2011 முடிவில் சியோல் நகரம் அதற்கான நிதியில் கை வைத்தது. மேல்நிலைப் பள்ளிகளில் இருந்தவர்கள்தான் முதலில் பெட்டி கட்டினார்கள். ஆனால் அந்த அமெரிக்கருக்கும் கனடாக்காரருக்கும் கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை, ஊர் திரும்ப விமானக் கட்டணம் என்று அதில் எழுதியிருந்தது. வேலை போனது உண்மை. வெறுங்கையோடு போகவில்லை என்பதும் உண்மை.

நம்மவரின் நிலை வேறு. சம்பளம் ருஃபியாவில் வருகிறது. ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விலை. அந்த விலைக்கு டாலர் வேண்டுமென்றால் வங்கியைத்தான் நம்ப வேண்டும். வெளியே வாங்கினால் அதைவிட வெகுவாகக் கூட. உப்பு முதல் சிமெண்ட் வரை இறக்குமதி செய்யும் நாட்டில் டாலர் தட்டுப்பாடு வந்தால் முதல் அடி வெளிநாட்டுத் தொழிலாளிக்கு. நைஜீரியாவில் இதை ஒருமுறை பார்த்திருக்கிறோம். 1976-இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்து, எண்ணெய்ப் பணத்தில் இந்திய ஆசிரியர்களை வரவழைத்த நாடு அது. எண்பதுகளில் எண்ணெய் விலையும் நைராவும் சரிந்ததும், ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாததால் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

13,000 ரூபாய் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனுக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். மகளிர் குழுத் தவணை தள்ளிப் போகாது. ஏஜெண்டுக்கு வாங்கிய கைமாற்று பாக்கி. ஆத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை. “சம்பளம் ஏறிருச்சும்மா, அனுப்பத்தான் முடியல” என்ற ஒரே பதிலை எத்தனை மாதம் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? அங்கே கணக்கில் ருஃபியா சேர்கிறது. இங்கே நகை ஏலத்துக்குப் போகிறது.

இதில் ஒன்றிய அரசு கையை விரிக்க முடியாது. 2024 அக்டோபரில் மாலத்தீவு அதிபர் முய்சு டெல்லி வந்தபோது 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டுக்கு இந்தியா ஒப்புக்கொண்டது. 2025 ஜூலையில் மாலத்தீவுத் தலைநகர் மாலே சென்ற பிரதமர் மேலும் 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவித்தார். அண்டை நாட்டுக்கு உதவுவது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு கொடுக்கிற கை, அங்கே வேலை செய்யும் இந்தியரின் சம்பளம் வீடு வந்து சேர ஒரு சிறு பங்கை ஒதுக்கச் சொல்லிக் கேட்கக் கூடாதா? டாலரே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ரூபாயிலும் ருஃபியாவிலும் நேரடியாகக் கணக்குத் தீர்க்க இரு நாட்டு மத்திய வங்கிகளும் 2024 நவம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. வணிகருக்குத் திறந்த அந்த வழியை வாத்தியாருக்கும் திறந்துவிட வேண்டும். வரம்பு விதித்ததும் நம் அரசுக்குச் சொந்தமான வங்கிதான். கேரள முதலமைச்சர் இதற்காக டெல்லிக்குக் கடிதம் எழுதினார். தமிழ்நாடும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன், தமிழ்நாட்டிலிருந்து எத்தனை ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று அரசு சொல்ல முடியுமா? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டிய நாடுகளின் பட்டியலில் மாலத்தீவு இல்லை. பத்தாம் வகுப்பு தேறியவருக்குப் பொதுவாக எந்த நாட்டுக்கும் அந்த அனுமதி தேவையில்லை. வளைகுடாவுக்குப் போகும் கொத்தனார் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கிறார், எம்.ஏ., பி.எட். முடித்தவர் எதிலும் இல்லை. படிப்பு தந்த சலுகைதான், ஆபத்து வரும்போது அதுவே அவரைக் கணக்கில் வராதவராக்கிவிடுகிறது. வெளிநாடு வாழ் தமிழர்களுக்கென்று மாநிலத்தில் 2011-இல் போட்ட சட்டம் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது, ஆண்டுதோறும் ஜனவரி 12-இல் விழாவும் எடுக்கிறோம். 1978 முதல் ஆள் அனுப்பும் அரசு நிறுவனமும் இருக்கிறது. தனியார் ஏஜெண்டை விலக்கி, கொரிய ஒப்பந்தம் போலப் பணிக்கொடையும் திரும்பும் செலவும் எழுதிய ஒப்பந்தத்தோடு ஆசிரியர்களை அனுப்பும் பொறுப்பை அந்த நிறுவனம் ஏற்க வேண்டும்.

இனி, திரும்பி வருகிறவர். பத்தாண்டு ஆங்கிலவழியில், கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தவர் கயத்தாறில் பேருந்தை விட்டு இறங்குகிறார். இங்கே அவருக்கு என்ன இடம்? அரசுப் பணிக்குத் தகுதித் தேர்வு. அதில் தேறியவருக்கு 2018 முதல் மேலும் ஒரு போட்டித் தேர்வு. வயது வரம்பைத் தளர்த்தியிருப்பதால் நாற்பத்தைந்திலும் எழுதலாம். ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்பது பஞ்சாங்கத்திலும் இல்லை. காத்திருக்கும் காலத்துக்குத் தற்காலிக வேலை உண்டு. 2022 ஜூனில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நிரப்பச் சொன்னபோது பட்டதாரி ஆசிரியருக்கு அரசு வைத்த மாதச் சம்பளம் 10,000 ரூபாய். பிறகு தொகை கூடியது, ‘தற்காலிகம்’ கூடவே நிற்கிறது. மாலே வங்கி அனுமதிக்கும் 13,000 அநியாயம் என்று நாம் கொதிக்கலாம். முழு மாதம் உழைத்த பட்டதாரி ஆசிரியருக்கு அதைவிடக் குறைவாக வைத்த அரசும் நம்முடையதுதான்.

இத்தனைக்கும் இவர்களுக்கு இங்கே தேவை இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தோம். அதற்கென்று தனி ஆசிரியர் பணியிடம் உருவாக்கவில்லை. தமிழ்வழி வகுப்பை நடத்தும் ஆசிரியரே அடுத்த அறைக்குப் போய் ஆங்கிலவழிக்கும் நிற்கிறார். அப்படிப்பட்ட வகுப்பில் நாற்பது நிமிடம் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்திப் பழகிய ஒருவரை வீட்டில் உட்கார வைத்திருப்பது யாருக்கு லாபம்?

எனவே நம் கோரிக்கை இது. வெளிநாட்டு அரசுப் பள்ளியில் பணிபுரிந்த காலத்தை, சான்று சரிபார்த்து, ஆசிரியர் தேர்வு வாரியம் பணி அனுபவமாக ஏற்று மதிப்பெண் தர வேண்டும். தகுதித் தேர்வைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் பொது. தற்காலிக நியமனத்தில் ஆங்கிலவழிப் பிரிவுகளுக்கு இவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நல வாரியம் தென்மாவட்ட வட்டாட்சியர் அலுவலகங்களில் ஒரு பதிவேட்டைத் திறக்கட்டும். தீவில் இருப்பவரின் பெயர், பள்ளி, ஒப்பந்தம் முடியும் தேதி, வங்கியில் முடங்கிய தொகை ஆகியவற்றை இங்கிருக்கும் குடும்பத்தாரே வந்து எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டெல்லியில் பேசட்டும்.