கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையில் ஒருவர் போதையில் சுருண்டு கிடந்தால், கடந்து போகும் நம்மவர்கள் 'திருந்தாத ஜென்மம்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். தமிழன் என்றாலே தண்ணி என்று மற்ற இனத்தவர் பேசினால் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் நம் வீட்டில் குடிக்கு அடிமையானவரை மட்டும் மன உறுதி இல்லாதவன், பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்காதவன் என்று அதே வாயால் ஒதுக்கிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு தவறு. அதற்கான முதல் சான்று பக்கத்திலுள்ள கிள்ளானில், நம் முன்னோர் விட்டுச் சென்ற வரலாற்றிலேயே இருக்கிறது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதற்கு முன்னின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவுக்கு முடிவு என்று நீண்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. காலனி அரசு படையை இறக்கியது. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தியது. போர் முடிந்த கையோடு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் செய்தபோதும் போலீஸ்தான் பதில் சொன்னது. குடிக்காமல் இருந்துவிட்டுப் போகலாமே, கடையை ஏன் மூடச் சொல்ல வேண்டும் என்று அன்றும் கேட்டிருப்பார்கள். வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் லயமும் ஒன்றாகவே இருந்த வாழ்க்கையில், நிர்வாகத்தின் சம்மதத்தோடு வாசலுக்கு எதிரே திறந்திருக்கும் கடையை ஒவ்வொரு மாலையும் தன்னந்தனியாக வென்றுகொண்டிருக்க முடியாது என்பது அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் உறுதி இல்லாமலில்லை. உறுதி இருந்ததால்தான் துப்பாக்கிக்கு எதிரே நின்றார்கள்.

அவர்கள் பட்டறிந்ததைப் பின்னாளில் ஆய்வும் உறுதி செய்தது. மதுவோ நிக்கோட்டினோ ஹெராயினோ ஷாபு எனப்படும் மெத்தம்பெட்டமினோ, எதுவானாலும் மூளையில் டோபமின் சுரப்பைத் தூண்டி, 'இது வேண்டும், மறுபடி வேண்டும்' என்ற பாடத்தை அழுத்தமாகப் பதிக்கிறது. நாளாக நாளாக அதே அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும் வாட்டுகின்றன; இன்பத்துக்காகத் தொடங்கியவர் வேதனையைத் தள்ளிப்போடுவதற்காகத் தொடர்கிறார். ஆனால் போதைப்பொருளின் வேதியியல் மட்டுமே அடிமையை உருவாக்குவதில்லை. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின், அபின் வகைகளுக்கு அடிமையாகியிருந்தனர். அவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். போர்க்களமும் மலிவாகக் கிடைத்த சரக்கும் விலகியபோது, பெரும்பாலோரிடமிருந்து அடிமைத்தனமும் விலகியது. நம் கதை இதற்கு நேர்மாறானது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களானபோது அங்கிருந்த குடும்பங்கள் கோயிலையும் பள்ளியையும் அக்கம்பக்கத்தையும் இழந்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தன. கள்ளு போய் சம்சு என்ற மலிவான சாராயம் வந்தது. இப்போது இரவு வேலைக்குக் கண்விழிக்க ஷாபு வருகிறது. இடம் மாறியும் வேதனை மாறவில்லை. சரக்கு மட்டும் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

ஒரே லயத்தில் வளர்ந்த எல்லாரும் குடிகாரர்களாகிவிட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. இல்லைதான். மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த வயதில் தொடங்கினார், சிறுவயதில் அடியும் புறக்கணிப்பும் பட்டாரா என்பவையும் சேர்கின்றன. தப்பியவர் நல்லவர், விழுந்தவர் கெட்டவர் என்று பிரிக்க இதில் எதுவும் இடம் தரவில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர் அதற்குச் சட்டத்தின் முன் பதில் சொல்லியே ஆக வேண்டும். நோய் என்பதால் அந்த அடி இல்லையென்றாகிவிடாது. ஆனால் அந்த வீட்டில் அடி நிற்க வேண்டுமென்றால் அவருக்குச் சிகிச்சையும் வேண்டும்.

தண்டனையைத் தளர்த்தினால் இளைஞர்கள் துணிந்துவிடுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. தண்டனையை மலேசியா போதிய அளவு சோதித்துப் பார்த்துவிட்டது. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கிறது. மறுபடி மறுபடி பிடிபட்டால் 39சி பிரிவு 5 முதல் 7 ஆண்டு சிறையையும் பிரம்படியையும் கொண்டுவருகிறது. மீண்டும் விழுவது இந்த நோயின் இயல்பு. அந்த இயல்புக்கே தண்டனையைக் கூட்டிக்கொண்டு போகிறது நம் சட்டம். 2005இல் ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியதும் இதே நாடுதான். சிகிச்சை வழி அரசுக்குப் புதிதல்ல. கடத்தல்காரனைத் தண்டிப்பது வேறு, உட்கொள்பவனை அடைத்து வைப்பது வேறு.

சரக்கு எளிதாகக் கிடைப்பதைக் கட்டுப்படுத்துவதிலும் அரசு நிலையாக இல்லை. 2017 டிசம்பரில் மது வாங்கும் வயது 21ஆக உயர்ந்தது நல்லது. ஆனால் 2023இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, சிறுவர்களுக்கு வேப் விற்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 அக்டோபரில்தான் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். இடையில் ஒன்றரை ஆண்டு, பள்ளிப் பிள்ளைகளின் மூளை அந்தப் பாடத்தைக் கற்கக் கதவு திறந்து கிடந்தது. கடையை மூடினால் மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. 2018இல் சிலாங்கூரிலும் தலைநகரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சிகிச்சைக்கு வழியில்லாமல் விலையை மட்டும் ஏற்றினால் ஏழை அங்கேதான் போவார்.

ஆகவே 15ஆவது பிரிவில் பிடிபடும் எவரையும் முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 39சி பிரிவு உட்கொள்பவருக்குப் பொருந்தாதபடி திருத்தப்பட வேண்டும். நம் சமூகத்தின் வாக்குகளைக் கேட்டு வரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை மக்களவையில் எழுப்ப வேண்டும். கோயில் நிர்வாகங்கள் விழாச் செலவில் ஒரு பங்கைக் குடிநோய் ஆலோசனைக்கு ஒதுக்கட்டும். குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நெடுங்காலம் தினமும் குடித்தவரை அறையில் பூட்டியோ சத்தியம் வாங்கியோ ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், இரண்டாவது முறை விழுந்தாலும்.