விளம்பரத்துக்குச் சந்தா!

கடைக்காரன் தன் சரக்கைப் புகழ்ந்து நோட்டீஸ் அடிக்கிறான். அதை வீதியில் இலவசமாகக் கொடுக்கிறான். வாங்கியவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வடை மடிக்க வைத்துக்கொள்கிறார்கள். இது உலக வழக்கம். அந்த நோட்டீசையே தைத்து, வழவழப்பான அட்டை போட்டு, வருஷச் சந்தா வாங்கிக்கொண்டு சிறுவர்களிடம் ஒரு முதலாளி விற்றான் என்றால் நம்புவீர்களா? விற்றான்! ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, 24 வருஷங்கள் விற்றான்.

பத்திரிகையின் பெயர் "நின்டெண்டோ பவர்". பிறந்த இடம் அமெரிக்கா. பிறந்த வருஷம் 1988. டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ ஆட்டக் கருவியை விற்கும் ஜப்பானியக் கம்பெனி நின்டெண்டோ. 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி அது. அதன் அமெரிக்கக் கிளைதான் இந்தப் பத்திரிகைக்குச் சொந்தக்காரர்.

"பஞ்சாலைத் தொழிலாளிக்கும் வயல் கூலிக்கும் இதில் என்ன வந்தது? பிள்ளைகள் விளையாட்டில்கூட வர்க்கத்தைத் தேட வேண்டுமா?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் தேடிப் போகவில்லை. அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகை யாருடையது, தீர்ப்புச் சொல்கிறவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான் என்ற கேள்வி நமக்குப் புதிதல்லவே!

முதலில் அந்தக் கம்பெனியின் அன்றைய வியாபார முறையைப் பாருங்கள். கருவி அவர்களுடையது. அதில் செருகும் ஆட்டப் பெட்டிகளை வேறு கம்பெனிகளும் தயாரிக்கலாம், ஆனால் உத்தரவு வாங்கிக்கொண்டுதான். கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லு. பெட்டிக்குள் அதற்குச் சாவியாக இன்னொரு சில்லு. சாவி இல்லாத பெட்டி ஓடாது. உத்தரவு வாங்கிய கம்பெனி வருஷத்துக்கு 5 ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது. அதே ஆட்டத்தை 2 வருஷத்துக்கு வேறு கருவிக்குக் கொடுக்கக் கூடாது. பெட்டியை நின்டெண்டோவிடமே செய்து வாங்க வேண்டும். பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காமல் போனால் நஷ்டம் வாங்கினவன் தலையில்.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலம் மிராசுதாருடையது, விதைநெல்லும் அவன் பத்தாயத்தில்தான், களத்தில் மரக்காலும் அவன் கையில். இந்த ஏற்பாட்டில் ஒன்றுதான் பாக்கி: தண்டோரா போடுகிறவனும் பண்ணையாளாகிவிட வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இந்தப் பத்திரிகை!

தொடக்க வருஷங்களில் அதில் வெளியார் விளம்பரமே கிடையாது. "அடடா, என்ன தூய்மை!" என்று மயங்க வேண்டாம். முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை சொந்தச் சரக்கின் விளம்பரமாக இருக்கும்போது வெளி விளம்பரத்துக்கு இடம் ஏது? முதல் இதழின் அட்டையிலேயே களிமண்ணால் செய்த மாரியோ பொம்மை: கம்பெனியின் புது ஆட்டத்துக்குக் கட்டியங்காரன். அந்த இதழைக் கம்பெனியின் சங்கத்தில் பெயர் கொடுத்திருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு இலவசமாக அனுப்பினார்கள். முதல் வாய் இலவசம், மறுவாய்க்குக் காசு. கள்ளுக்கடைக்காரனுக்குத் தெரியாத வித்தையா?

அதில் "சிறந்த 30 ஆட்டங்கள்" என்று ஒரு பட்டியல் வரும். ஓட்டுப் போடுகிறவர்கள் யார் தெரியுமா? ஆடும் பிள்ளைகள் ஒரு பங்கு, "நிபுணர்கள்" ஒரு பங்கு, மூன்றாவது பங்கு கடைக்காரர்கள்! சரக்கை விற்று லாபம் பார்க்கிறவனுக்கு அந்தச் சரக்கு நல்லதா என்று சொல்ல ஓட்டுரிமை. மில் முதலாளி சங்கத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தால் நாம் வாசலிலேயே நிறுத்திவிடமாட்டோமா?

ஜப்பானில் பெரும்பேர் வாங்கிய ஓர் ஆட்டம் "டிராகன் வாரியர்" என்ற பெயரில் 1989-ல் அமெரிக்காவுக்கு வந்தது. எதிர்பார்த்தபடி விலை போகவில்லை. பெட்டிகள் கிட்டங்கியில் தேங்கின. என்ன செய்தார்கள்? பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார்கள். தேங்கின சரக்கு சந்தாவை இழுத்து வந்தது. சந்தா அடுத்த சரக்குக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது. பேஷ்!

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்திரிகை அழகானது. ஆட்டத்தில் வரும் மலையையும் குகையையும் அங்குலம் அங்குலமாக வரைந்து வழி காட்டினார்கள். தபாலில் அது எப்போது வரும் என்று பிள்ளைகள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். பெரியவர்களான பிறகும் அதன் பழைய இதழ்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதை எழுதியவர்களும் வரைந்தவர்களும் நம்மைப்போல் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. பிள்ளையின் ஆசை நிஜம். அந்த நிஜமான ஆசைதான் அங்கே மூலப்பொருள், நமக்குப் பஞ்சு மாதிரி.

"அட்டையிலேயே கம்பெனி பெயர் இருக்கிறதே, இதில் ஏமாற்று எங்கே?" என்பது அவர்கள் தரப்பு வாதம். பெயர் போட்டிருப்பதால் தராசு நேராகிவிடுமா? "இந்த ஆட்டம் உன் காசுக்குத் தகாது, எதிர்க் கடையில் இருப்பது மேல்" என்று அந்தப் பத்திரிகையால் ஒரு நாளும் சொல்ல முடியாது. எதிர்க் கம்பெனியான சேகாவும் பின்னாலேயே தன் பங்குக்கு ஒரு பத்திரிகை தொடங்கியது. இரண்டு தண்டோராக்காரர்கள், இதற்குப் பெயர் கருத்துச் சுதந்திரம்.

1991-ல் வேறொரு சங்கதி அம்பலத்துக்கு வந்தது. கருவியை 99 டாலர் 95 சென்டுக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று கடைக்காரர்களை நின்டெண்டோ மிரட்டியதாக அமெரிக்க வர்த்தகக் கமிஷனும் மாகாணங்களும் குற்றம் சாட்டின. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டது. வாங்கியவர்களுக்கு என்ன நிவாரணம்? ஆளுக்கு 5 டாலர் கூப்பன்! அதை எங்கே செலவழிப்பது? நின்டெண்டோ ஆட்டப் பெட்டி வாங்குவதில்தான்! தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் பதில் கடைச்சீட்டு எழுதிக் கொடுத்த கதை நினைவுக்கு வருகிறதா? அபராதத்தையே விற்பனையாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியத்தை முதலாளித்துவத்திடம்தான் கற்க வேண்டும்.

2007 கடைசியில் பத்திரிகையை நடத்தும் வேலையை வெளிப் பிரசுரக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். 2012 டிசம்பரில் 285-வது இதழோடு மூடிவிட்டார்கள். கடைசி அட்டையிலும் களிமண் மாரியோ. கண்ணீர் வரவழைக்கும் வழியனுப்பு. அதற்கு முந்தின வருஷமே, இடைத்தரகன் வேண்டாமென்று, கம்பெனி தன் புதுச் சரக்கை வீடியோவில் நேரே அறிவிக்கத் தொடங்கியிருந்தது. தண்டோராக்காரனுக்கு இனி என்ன வேலை?

கண்ணீர் என்றோமே, அதே 2012-ல், கடைசி இதழுக்கு இரண்டு மாதம் முன்பு, இன்னொரு செய்தியும் வந்தது. சீனாவின் யான்டாய் நகரிலுள்ள பாக்ஸ்கான் ஆலையில் 14 வயதுப் பிள்ளைகள் "பயிற்சி மாணவர்" என்ற பெயரில் வேலை செய்ததை அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ் வேலை வாங்குவது சீனச் சட்டப்படி குற்றம். செங்கொடி பறக்கும் நாட்டில் இது நடந்தது என்பதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை, வெட்கப்படுகிறோம். நின்டெண்டோ சாமான்கள் அந்த ஆலையில் தயாராவதாகச் செய்திகள் கூறின. விசாரிப்பதாக நின்டெண்டோ அறிவித்தது. ஒரு தேசத்தில் 14 வயதுப் பிள்ளை ஆட்டத்துக்கு ஏங்குகிறது. இன்னொரு தேசத்தில் அதே வயதுப் பிள்ளை பட்டறையில் நிற்கிறது. எந்த வழிகாட்டி வரைபடத்திலாவது இந்த ஆலைக்கு வழி போட்டிருக்குமா?

பாக்ஸ்கான் நமக்கும் அறிமுகமான பெயர்தான். 2010-ல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தச் செய்திகளைக் கம்பெனிகளின் வழவழப்புத் தாள்களில் தேடிப் பாருங்கள்.

நமது பத்திரிகையின் தாள் மட்டம். மை கையில் ஒட்டும். அச்சுப் பிழையும் உண்டு. பிழைகளைச் சுட்டி நீங்கள் எழுதும் கடிதங்களில் கோபம் அதிகம், மரியாதை குறைவு. வரட்டும், நல்லதுதான். சந்தா பாக்கி வைத்திருக்கும் கிளைகள் மட்டும் இந்த மாதக் கடைசிக்குள் கட்டிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.