பீரோவுக்குள் ஒரு பி.இ.



எங்கள் கரிசல் சீமையில் வானம் பொய்த்தாலும் பிள்ளைகளின் படிப்பை மட்டும் விடமாட்டார்கள். கோவில்பட்டியில் 1984-ல் நேஷனல் இன்ஜினீயரிங் காலேஜ் வந்த பிறகு, குளத்தூர் மாதிரி ஊர்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் பி.இ. படித்தார்கள். அப்புறம்? கல்யாணம், வளைகாப்பு, குழந்தை. பட்டச் சான்றிதழ் பட்டுப்புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு பீரோவில் கிடக்கிறது.

"டேட்டா சயின்ஸ் படித்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமாமே? நான் படித்தது மெக்கானிக்கல் ஆயிற்றே?" என்று கேட்டுச் சில சகோதரிகள் எழுதியிருக்கிறார்கள். சம்பாதிக்கலாம். ஆனால் விளம்பரத்தில் சொல்கிற வேகத்தில் அல்ல.

முதலில் அது என்ன தொழில் என்று பார்ப்போம். ஒரு வியாபாரியிடமோ, ஆஸ்பத்திரியிடமோ, தொழிற்சாலையிடமோ வருஷக்கணக்கில் கணக்குகள் குவிந்து கிடக்கும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கூட்டிக் கழித்து, "இனி என்ன செய்தால் நல்லது?" என்று சொல்வதுதான் டேட்டா சயின்ஸ். ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்கு இல்லாமல், பலருக்கும் இந்த யோசனையைக் கூலிக்குச் சொன்னால் அதுதான் கன்சல்டிங்.

கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? நிஜத்தில் முக்கால்வாசி நேரம் கல் பொறுக்கும் வேலை! ஒரே கடையின் பெயர் மூன்று விதமாக எழுதியிருக்கும். தேதி விட்டுப்போயிருக்கும். கிலோவும் மூட்டையும் ஒரே பத்தியில் கலந்திருக்கும். உளுந்தை முறத்தில் போட்டுப் புடைத்து, மண்ணும் கல்லும் நீக்குகிற பொறுமை இதற்கு வேண்டும். அந்தப் பொறுமை நம்மிடம் இல்லையா, என்ன?

இன்ஜினீயரிங் படிப்பு இதற்கு எப்படி உதவும்? நாலு செமஸ்டர் அழுது வடிந்து படித்த மேட்ரிக்ஸ், பிராபபிலிட்டி எல்லாம் இங்கேதான் உயிர் பெறுகின்றன. லேபில் ஒரே அளவை மூன்று தடவை எடுத்துச் சராசரி போட்டோமே, "அளந்த எண்ணில் பிழை இருக்கும்" என்ற அந்தச் சந்தேகபுத்திதான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். உங்கள் பிரிவையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மெக்கானிக்கல் படித்தவருக்கு மெஷின் ஏன் சூடாகிறது என்று தெரியும். எலெக்ட்ரிக்கல் படித்தவருக்கு மின்சார பில் ஏன் எகிறுகிறது என்று தெரியும். வெறும் கம்ப்யூட்டர் பாடம் மட்டும் படித்தவருக்கு அது தெரியாது.

இந்தத் தொழிலைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்த தீரஜ் ராஜாராம் 2004-ல் மு சிக்மா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த வெங்கட் விஸ்வநாதனும் அவர் மனைவி பிரமத் ஜண்ட்யாலாவும் சேர்ந்து 2006-ல் சென்னையில் லேடென்ட்வியூ அனலிடிக்ஸைத் தொடங்கினார்கள். 2021 நவம்பரில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தபோது வாங்கப் போட்டியோ போட்டி! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் காலேஜை விட்டு இறங்கிய கையோடு யோசனை சொல்லக் கிளம்பிவிடவில்லை. மேல்படிப்பு படித்து, வேறு கம்பெனிகளில் வேலை பார்த்த பிறகுதான் சொந்தமாகத் தொடங்கினார்கள். கன்சல்டிங் என்பது இரண்டாவது படி.

முதல் படிக்கு எங்கள் தெருவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சிவில் படித்த மருமகள், இரண்டு வயசுக் குழந்தை. ஒரு நாள் அவள் மாமியார் என்னிடம் வந்தார்.

"மதினி, ஏதோ ஆறு மாசப் படிப்பாம். ஒண்ணேகால் லட்சமாம். முடிச்சதும் வேலையக் கையில குடுத்துருவாகளாம். சங்கிலிய அடகு வச்சிரலாமான்னு பாக்கேன்."

"வேலை குடுப்போம்னு எழுத்துல குடுப்பாகளா மதினி?"

மருமகள் போன் போட்டுக் கேட்டாள். "வேலை தேட உதவி செய்வோம்" என்று மட்டும்தான் பதில் வந்தது. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

அவள் என்.பி.டெல். பாடத்தில் சேர்ந்தாள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டி, மையத்தில் தேர்வு எழுத வேண்டும். முதலில் புள்ளியியல், பிறகு எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான் என்று வரிசையாகப் போனாள். ஒரு வருஷத்துக்கு மேலே ஆயிற்று.

முதல் வேலை தெரிந்தவர்களின் விதைக் கடையில். நாலு வருஷத்துப் பில் புத்தகங்களை ஏற்றிப் பார்த்தாள். கடைக்காரர் போன வருஷம் விற்றதைப் பார்த்தே இந்த வருஷம் கொள்முதல் செய்கிறவர். பில்லிலோ, முதல் மழை புரட்டாசியில் முந்தி வந்த வருஷம் மக்காச்சோளமும், பிந்திய வருஷம் குறுகிய நாள் பயறுகளும் போயிருந்தன. "முதல்ல கொஞ்சமா வாங்குங்க மாமா, மீதிய மழையப் பாத்துட்டு வாங்குங்க" என்றாள். "நாலு வருசக் கணக்குதான், அதனால முழுசா நம்பிராதீக" என்றும் சொன்னாளாம். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வாக்கியம்தான்! கூலி ஐயாயிரம் ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் அடுத்த வேலைக்குக் காட்ட ஒரு வேலை கையில் இருக்கிறது.

முறையான பட்டமே வேண்டும் என்பவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். நடுவில் நிறுத்தினாலும் முடித்த மட்டத்துக்குச் சான்றிதழ் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. பாடம் வீட்டிலேயே, தேர்வு மட்டும் நேரில். அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இப்போது ஏ.ஐ.யே புரோகிராம் எழுதிவிடுகிறதே என்பீர்கள். எழுதுகிறது. அதனாலேயே வெறும் புரோகிராம் எழுதத் தெரிந்தவருக்கு மதிப்புக் குறையும் என்பது என் எண்ணம். பில்லையும் மழையையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதே, அதற்கு மனுஷி வேண்டும்.

வேலை எடுக்கும்போது கூலியையும் நாளையும் எழுதி வாங்குங்கள், பாதி முன்பணம் கேளுங்கள். தெரிந்தவர்களாயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். அவர்கள் கணக்கு வேறு யார் காதுக்கும் போகக்கூடாது. தனிநபர் விவரங்களைக் காக்க 2023-ல் சட்டமே வந்திருக்கிறது. சிறுதொழிலாகப் பதிய உத்யம் பதிவு உண்டு. அது இலவசம், பதிந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

உடம்பையும் பார்க்க வேண்டுமே! கைக்குழந்தைக்காரிகள் ராத்திரி தூக்கத்தை வெட்டிப் படிக்க வேண்டாம். பகலில் குழந்தை தூங்கும் ஒரு மணி நேரம் போதும். கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைத்தால் இடுப்பும் கழுத்தும் போய்விடும். மேஜையும் முதுகு சாயும் நாற்காலியும் வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். வாசல் வேப்பமரம் போதும்.

என்.பி.டெல். பாடங்கள் வருஷத்தில் இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. ஜூலைக்குச் சேர நினைப்பவர்கள், பள்ளிக்கூடம் திறக்கும் அமளிக்கு முன்னால் வைகாசியிலேயே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். சான்றிதழையும் பீரோவிலிருந்து எடுத்து வையுங்கள். அந்துருண்டை வாசனை போக நாலு நாள் ஆகும்.