பெயரிடுதல் மனப்பாடமன்று, இலக்கணம்

கரிம வேதியியலின் பெயரிடுமுறையை மனப்பாடப் பகுதியாகச் சுருக்கிவிட்ட நுழைவுத்தேர்வுப் பயிற்சி முறையை, மொழியியல் பயின்றவன் என்ற உரிமையில் எதிர்க்கிறேன். அது இலக்கணம். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் ஆகிய மூன்றிலும் பகுதி ஒன்றே. அது இரண்டு கார்பனைக் குறிக்கும். விகுதியின் உயிரொலியே ஒற்றைப் பிணைப்பையும் இரட்டைப் பிணைப்பையும் முப்பிணைப்பையும் வேறுபடுத்துகிறது. இவை காரணப்பெயர்கள். விகுதியைக் கொண்டே வினையையும் உய்த்துணரலாம்: ஈத்தீன் புரோமினோடு சேர்க்கை வினை புரிந்து அதன் நிறத்தை நீக்கும்.

"அப்படியானால் பென்சீன்?" என்று மாணவர் கேட்பார். "விதிவிலக்கு, எழுதிக்கொள்" என்பதே வகுப்பறையின் விடை. பென்சீன் மரபுப்பெயர், சாம்பிராணிப் பிசினின் ஐரோப்பியப் பெயர்வழி 1830களில் தோன்றியது. பெயரிடு விதிகளை வகுத்த ஜெனீவா மாநாடு கூடியதோ 1892இல். விதிக்கு மூத்த பெயரை அவ்விதியால் அளப்பது எங்ஙனம்? ஆறு பை எலக்ட்ரான்கள் வளையமெங்கும் பரவி அதை நிலைப்படுத்துகின்றன. ஆகவே பெர்ரிக் புரோமைடின் துணையோடு புரோமின் தாக்கும்போதும், பென்சீன் ஒரு ஹைட்ரஜனை இழந்து வளையத்தைக் காத்துக்கொள்கிறது. அதுவே பதிலீட்டு வினை.

காரணம் கேட்பவரிடம் பட்டியலை நீட்டுவது கற்பித்தல் ஆகாது.