சுட்டிக்காட்டிய விரல்

1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கவந்த ஆய்வுக் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அறிவியலார் மூச்சிரைத்து நின்றனர். வழிகாட்ட வந்த காணிகளோ ஏதோ ஒரு சிறு கனியை மென்றவாறு களைப்பின்றி நடந்தனர். அவர்கள் கொடுத்ததைத் தின்ற அறிவியலாரும் சோர்வு நீங்கக் கண்டனர். அது என்ன செடி என்று கேட்டபோது காணிகள் தயங்கினர். அது தம் இனத்தின் மறைபொருள், வெளியாருக்கு உரைக்கலாகாது என்றனர். பலமுறை வேண்டிய பின்னரே செடியைச் சுட்டிக்காட்டினர். அவர்கள் 'சாத்தன் களஞ்சா' என்றழைத்த அச்செடியே பின்னாளில் 'ஆரோக்கியப்பச்சை' என்று புகழ்பெற்றது.

பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதன் இலையை ஆராய்ந்தது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றோடு சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் உரிமம் வழங்கியது. வரும் தொகையில் பாதி காணிகளுக்கு என்றும் முடிவாயிற்று. உலகம் இதனை முன்மாதிரி என்று பாராட்டியது.

பாராட்டுக்குரியதே, மறுக்கவில்லை. ஒன்றுமே கொடாத உலகில் பாதி கொடுத்தவர்கள் மேலானவர்கள். ஆயினும், அப்பணத்தைப் பெறக் காணிகளின் அறக்கட்டளை 1997இல்தான் பதிவாயிற்று. பணம் கைக்கு வந்ததோ 1999இல். செடியைச் சுட்டிய விரல் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. இலை பறித்து விற்றுப் பிழைக்கலாம் என்றெண்ணியவர்களை, செடி அழிந்துவிடும் என்று வனத்துறை தடுத்தது. அத்துடன், மருத்துவ அறிவைக் காப்பது தங்கள் பொறுப்பு என்று கருதிய 'பிலாத்தி' எனப்படும் காணி வைத்தியர் சிலர், தம்மைக் கேளாமல் அது வெளியாரிடம் சென்றதை எதிர்த்தனர். ஒரு சிலரின் சொல் ஓர் இனம் முழுவதன் சம்மதம் ஆகுமா என்ற அவர்களின் கேள்வி இன்றும் விடையின்றி நிற்கிறது.

"காணிகள் தின்றது கனியை, ஆய்வகம் மருந்து கண்டதோ இலையில். ஆகவே கண்டுபிடிப்பு ஆய்வகத்தினுடையதே" என்று வாதிடுவோர் உளர். கேட்பதற்கு நேர்த்தியான வாதம்! ஆனால் அந்த விரல் சுட்டியிராவிடில், நிழலில் வளரும் அச்சிறு செடியை மிதித்துக்கொண்டே அனைவரும் மலையேறியிருப்பர். எண்ணற்ற செடிகளுள் எதை ஆராய வேண்டும் என்று அறிவதே ஆய்வின் பாதி வேலை. அப்பாதியைப் பல தலைமுறையினர் தம் உடலையே ஆய்வகமாக்கி முடித்துவைத்திருந்தனர்.

நம் நெஞ்சையும் சற்றுத் தொட்டுப் பார்ப்போம். பொதிகை மலையில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அகத்தியரைச் சித்த மருத்துவத்தின் தந்தை என்று போற்றுகிறோம். அதே மலைத்தொடரில், பாபநாசத்திலும் பேச்சிப்பாறையிலும் இன்றும் வாழும் காணிகளைப் 'படிக்காதவர்கள்' என்கிறோம். நம் கல்லூரிகளின் ஆய்வேடுகளில் செடியின் இலத்தீன் பெயர் பிழையின்றி இருக்கும். அதன் பயனைக் கற்பித்தவரோ 'தகவலாளர்' என்னும் ஒற்றைச் சொல்லில் மறைந்துபோவார். 17ஆம் நூற்றாண்டில் காய்ச்சல் மருந்தாக ஐரோப்பாவை அடைந்த சின்கோனாப் பட்டைக்கு 'இயேசு சபையினரின் பட்டை' என்றே பெயர் வழங்கிற்று. கொண்டுசென்றவர் பெயர் நிலைத்தது. கொடுத்த ஆண்டீஸ் மலைமக்களின் பெயர் அதில் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பயனைப் பகிரச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபறிவின்மீது சமூக உரிமையை ஏற்கிறது. ஆனால் 2023இல் வந்த திருத்தம், ஏடுகளில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்கு அளித்துவிட்டது. அவ்வறிவு ஏட்டில் ஏறுமுன் எவர் நாவில் இருந்தது என்று கேட்பார் இல்லை. எழுதியவனுக்கே உரிமை எனில், எழுத்தறியாதவன் தந்ததெல்லாம் தானமா?

பச்சிலை எல்லாப் பிணியையும் தீர்க்கும் என்றோ, மருத்துவமனையை விட்டுக் காட்டுக்குச் செல்லுங்கள் என்றோ நாம் கூறவில்லை. ஆய்வு வேண்டும், எச்செடியும் சோதிக்கப்படவேண்டும். நாம் கேட்பவை மூன்றே: எடுக்குமுன் அச்சமூகத்தின் ஒப்புதல், எழுதும்போது, அவர்கள் விரும்பினால், கற்பித்தவரின் பெயர், ஈட்டும்போது காலந்தாழ்த்தாத பங்கு. இவற்றோடு, அவர்கள் தம் காட்டில் நடமாடும் உரிமையும் நிலைக்கவேண்டும். காட்டிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைக்குச் செடியின் பெயரைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

அடுத்த முறை மலைக்குச் சென்று, அங்கொரு முதியவரிடம் "இது எதற்கு மருந்து?" என்று கேட்குமுன், "உங்கள் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்போம். நீதி அங்கிருந்து தொடங்கட்டும்.