முதல் காசு ஒயிலுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ரேஸ் ட்ராக்கில் எஞ்சின் உடைஞ்சு நிண்டால், பார்க்கிற ஆக்கள் சொல்றது ஒண்டுதான்: "பழைய கார்தானே, வயசு போச்சு." நாங்களும் கனகாலம் அப்படித்தான் நினைச்சுக்கொண்டிருந்தம். எங்களில் அநேகர் போர்ஷே 944 ஐப் படத்திலும் வீடியோவிலும்தான் கண்டிருக்கிறம். ஆனால் அந்தக் காரைப் பற்றித் தேடி வாசிச்சு, கழற்றிப் போட்ட அதன் எஞ்சின்களைப் பார்த்த பிறகு, அந்தத் தீர்ப்பு பிழை எண்டு எங்களுக்குப் படுகுது.

944 என்பது 1982 முதல் 1991 வரை தயாரிக்கப்பட்ட கார். முன்னுக்கு நாலு சிலிண்டர் எஞ்சின், பின்னுக்கு கியர்பொக்ஸ். பாரம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிஞ்சிருப்பதால், வளைவுகளில் நம்பித் திருப்பலாம். அமெரிக்காவில் 944 களுக்கு மட்டும் தனி ரேஸ் வகுப்பே இருக்கு. ஆனால் வளைவில்தான் இந்தக் காரின் ஆபத்தும் இருக்கு. நீண்ட வளைவுகளில் ஒயில் கிடைக்காமல் இரண்டாம் சிலிண்டரின் கொனெக்ரிங் றொட் பெயாரிங் போறது, 944 வைத்திருப்பவர்களிடையே பேர் போன வருத்தம்.

நடப்பது இதுதான். எஞ்சினின் அடியில் சம்ப் என்ற தட்டில் ஒயில் கிடக்கும். அதற்குள் அமிழ்ந்திருக்கிற குழாய் வழியாகப் பம்ப் ஒயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். காரை வேகமாகத் திருப்பினால் ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். புவியீர்ப்புக்குச் சமமான பக்க விசை வந்தால், ஒயிலின் மேற்பரப்பு 45 பாகை சரியும். குழாயின் வாய் வெளியே தெரிஞ்சால், பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

மோட்டார் சைக்கிள் ஓடுறவர்களுக்கு இது புதினமாக இருக்கலாம். வளைவில் நாங்களும் சைக்கிளும் சேர்ந்தே சரியிறம். அதனால் ஒயில் எஞ்சினின் அடிப்பக்கமாகவே அழுத்தப்பட்டு, தன்ர இடத்திலேயே கிடக்கும். கார் அப்படிச் சரியாது. சரியிறது உள்ளுக்குள்ள கிடக்கிற ஒயில்தான்.

பெயாரிங்கும் கிராங்க் ஷாப்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் தலைமயிரை விட மெல்லிய ஒயில் படலம் ஒன்று இருக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று எண்டால், ஒரு செக்கனில் 100 சுற்று. மூன்று செக்கன் வளைவில் ஒயில் வராட்டி, 300 சுற்று உலோகத்தோடு உலோகம் உரஞ்சுது. பெயாரிங்கின் மென்மையான மேற்பூச்சு சூட்டில் வழிச்செடுத்த மாதிரிப் போகும். அண்டைக்கு ஒண்டும் தெரியாது. வீட்டுக்கும் ஓடிப் போகலாம். நாலைந்து தரம் இப்படி நடந்த பிறகு, ஒரு நாள் "டக் டக்" எண்டு தட்டத் தொடங்கும். அதையும் கவனிக்காட்டி, றொட் உடைஞ்சு எஞ்சின் புளொக்கையே துளைச்சுக்கொண்டு வெளியே வரும்.

"சிவப்பு லைட் எரியேல்லையே?" எண்டு கேட்பினம். அந்த லைட் அழுத்தம் மிகவும் கீழே இறங்கினால்தான் எரியும். ரேஸ் வேகத்தில் அது எரியுதெண்டால் சேதம் நடந்து முடிஞ்சிருக்கலாம். வளைவின் நடுவில் ஒயில் மீற்றர் முள் ஒரு கணம் விழுந்து எழும்புறதுதான் உண்மையான எச்சரிக்கை. ஆனால் அந்த நேரத்தில் ஓட்டுநரின் கண் றோட்டில்.

அப்ப பிழை ஆரில? காரைச் செய்தவர்களில் ஒரு பங்கு இருக்கு எண்டதை நாங்கள் மறுக்கேல்லை. அதே கொம்பனியின் 911 இல் ஒயிலைத் தனித் தாங்கியில் வைத்திருக்கும் முறை 1960 களிலேயே இருந்தது. விலை குறைந்த 944 க்கு அது கிடைக்கேல்லை. ஆனால் இது றோட்டில் ஓடச் செய்த கார், அந்தக் காலத்து ரயரை நம்பிச் செய்த கார். இண்டைக்கு அதை வாங்குறவர் முதலில் ஒட்டுற ரயர் போடுறார், பிறகு ஷொக் அப்சோபர் மாத்துறார், பிறேக் மாத்துறார். வளைவில் வேகம் கூடுது. சம்ப் மட்டும் பழைய சம்ப்தான். இதை வயசு எண்டு சொல்ல எங்களுக்கு மனம் வரேல்லை.

வயசுக்குப் பங்கே இல்லை எண்டும் சொல்ல வரேல்லை. தேஞ்ச பெயாரிங்கில் இடைவெளி கூடும், அழுத்தம் குறையும். ஆனால் அது மாத்தக்கூடிய சாமான். 944 இல் எஞ்சினை வெளியே தூக்காமலே, சம்பைக் கழற்றிக் கீழிருந்து றொட் பெயாரிங்கை மாத்தலாம். அதே நேரத்தில் சம்புக்குள் தடுப்புத் தகடு பொருத்தினால் ஒயில் பக்கத்துக்கு ஓடாது. அழுத்தத்தோடு ஒயிலைச் சேமித்து வைத்து, பம்ப் தடுமாறும் கணத்தில் அனுப்பிற சேமிப்புத் தாங்கியும் விற்பனையில் இருக்கு. ஒயில் பில்ட்டரை வெட்டிப் பார்த்தால், உள்ளே மினுங்குற உலோகத் தூள் முன்கூட்டியே கதை சொல்லும். எல்லாவற்றுக்கும் முதல், டிப் ஸ்ரிக்கில் மேல் கோடு வரை ஒயில் இருக்க வேணும். அதுக்குக் காசும் பெரிசாத் தேவையில்லை. அதுக்காகக் கண்டபடி ஊத்தினாலும் பிழை: கிராங்க் அடிச்சு நுரையாக்கும், நுரையும் காற்றுத்தான்.

இதுகள் ஒண்டும் வெளியில தெரியாது. ரயரைப் படம் எடுத்துப் போடலாம், சைலன்சர் சத்தத்தைத் தெருவுக்கே கேட்கப் பண்ணலாம். சம்புக்குள் இருக்கிற தகட்டை ஆர் பார்க்கப் போயினம்? இந்தப் பழக்கம் 944 காரருக்கு மட்டும் உரியதில்லை. எங்கட வட்டத்திலேயே சைலன்சர் மாத்தக் காசு சேர்த்தவர்கள் இருக்கினம், ஒயில் மாத்த வேண்டிய திகதியைத் தவற விட்டவர்களும் அவர்கள்தான். நாங்களும் அதுக்குள்ள அடக்கம்.

பழைய வாகனத்தை வேகமாக ஓட்ட வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. ஓடத்தானே அதைச் செய்தது. வேகத்தைக் கூட்ட முதல், அந்த வேகத்திலும் ஒயில் போய்ச் சேருமா எண்டு பாருங்கோ. முதல் காசு ஒயிலுக்கு. மிச்சம் இருந்தால் ரயர் வாங்குங்கோ.