ஹார்மோன் மாத்திரையும் ஸ்டீராய்டு பயமும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது மண்டலப் புற்றுநோய் மையம். 1981இல் தொடங்கப்பட்ட இந்த மருத்துவமனையை மக்கள் சுருக்கமாக ஆர்.சி.சி. என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956இல். ஆனாலும் பெரிய வியாதி என்றால் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பலர் ரயிலேறுவது இங்கேதான்.

திருவனந்தபுரத்துப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. ஆபரேஷன், கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு பலரோடு வீட்டுக்கு வருவது ஒரு சிறிய மாத்திரை: டமாக்சிஃபென். தினமும் 20 மில்லிகிராம். 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள்.

'ஹார்மோன் சிகிச்சை' என்று இதைச் சொன்னதுமே அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும். ஹார்மோன் என்றால் ஸ்டீராய்டுதானே? முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும், பேசாமல் நிறுத்திவிடு என்று. விபரீதம் தொடங்குவது இங்கேதான்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. பெண்மைக்கான ஈஸ்ட்ரோஜன், ஆண்மைக்கான டெஸ்டோஸ்டிரோன், அட்ரீனல் சுரப்பியில் ஊறும் கார்டிசோல் ஆகிய மூன்றுமே கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டுகள். குடும்பம் ஒன்று, குணம் வேறு. டமாக்சிஃபெனோ அந்தக் குடும்பத்திலேயே இல்லை. கருத்தடை மருந்து தேடிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1962இல் உருவாக்கிய ரசாயனம் அது. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொண்டு அதைத் தடுக்கிறது. அதனால்தான் ஹார்மோன் ஏற்பிகள் உள்ள கட்டிகளுக்கு மட்டுமே இதைக் கொடுக்கிறார்கள்.

மக்கள் பயப்படும் 'ஸ்டீராய்டு' கார்டிசோன் வகை. 1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசும் வந்தது. ஆஸ்துமா முதல் சிறுநீரக நோய் வரை இன்றும் இதன் வாரிசான பிரெட்னிசலோன்தான் கைகொடுக்கிறது. நீண்ட நாள் சாப்பிட்டால் முகம் உப்புவது, சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புச் சிதைவு, தொற்று எல்லாம் வரலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து மருந்து வருவதால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடுகிறது. பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், புற்றுநோய் நோயாளிக்கு இரண்டு வகையும் கிடைப்பது. கீமோ நாட்களில் வாந்தியையும் அலர்ஜியையும் தடுக்க டெக்ஸாமெத்தசோன் தருகிறார்கள். அப்போது தூக்கம் கெடுவதும் சர்க்கரை ஏறுவதும் அதனால்தான். பிறகு வரும் டமாக்சிஃபென் மீது அந்தப் பழியைப் போடுவது நியாயமல்ல.

அதற்காக டமாக்சிஃபென் பரம சாது என்று அர்த்தமல்ல. உடம்பில் திடீரென்று அனல் பரவும், மாதவிலக்கு தாறுமாறாகும். அரிதாகக் கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஆனால் அதே வயதினருக்கு இது எலும்பைக் கரைப்பதில்லை, காக்கவே செய்கிறது. எலும்பு தேய்வதும் மூட்டு வலியும் லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகளின் குணம். அந்த வகையைச் சேர்ந்த எக்ஸிமெஸ்டேன் அமைப்பில் ஸ்டீராய்டுதான். ஆனாலும் பிரெட்னிசலோன் போல் முகத்தை உப்ப வைப்பதில்லை.

மாதவிலக்கு நின்றபின் வரும் அவஸ்தைகளுக்காகத் தரும் ஹார்மோன் சிகிச்சை இதற்கு நேர் எதிரானது. அது ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பதில்லை, கொடுக்கிறது. 2002இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்திருந்தது. இந்தச் செய்தியைக் கேட்டுப் புற்றுநோயாளி தன் டமாக்சிஃபெனை நிறுத்தினால் அது தலைகீழ் வைத்தியம்.

நிறுத்துவதன் விலை என்ன? ஹார்மோன் ஏற்பி உள்ளவர்கள் 5 ஆண்டுகள் டமாக்சிஃபென் சாப்பிட்டால், அடுத்த 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2011இல் வந்த கூட்டாய்வு காட்டியது. 10 ஆண்டுகள் வரை நீட்டித்தால் பலன் இன்னும் கூடும் என்றது 2013இல் வெளியான மற்றொரு ஆய்வு. கருப்பைப் புற்றுநோயும் சற்றுக் கூடியது உண்மை. ஆனால் தட்டு தாழ்ந்தது நன்மையின் பக்கம்தான்.

மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத் திணறல் — டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் இவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறலாம். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை மருந்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு என்ற குடும்பப் பெயரைக் கேட்டு அல்ல.